ஆற்றோடு போன அடைக்கலம்

கெனெரிஸின் வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீளம் என்று என் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது பொய். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒரே நீளம்தான். ஆனாலும் அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அம்மா மோர்வித், அரண்மனையில் ரொட்டி சுடுகிறவள். கெனெரிஸ் அதே அரண்மனையில் துணி வெளுக்கிறவள். இந்த இரண்டு பேருக்கும் நடுவே எங்கள் அர்வெலின் நாட்டுச் சட்டமே ஒரு தீராத போட்டியை வைத்திருந்தது.

உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவனுக்கு அடைக்கலம் கொடுக்கும் உரிமை அரண்மனையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் உண்டு. ஆளுக்கு ஆள் அளவுதான் மாறும். வாசல்காரனுக்கு அவன் கைக்கோல் எட்டும் தூரம். சமையல்காரனுக்கு முதல் சட்டி அடுப்பில் ஏறியதிலிருந்து கடைசித் தட்டு ராஜாவின் முன்னால் போகும்வரை. ரொட்டிக்காரிக்கு, மாவு சுரண்டும் தகட்டை அவள் எவ்வளவு தூரம் எறிகிறாளோ அவ்வளவு தூரம். வெளுக்கிறவளுக்கு, துணி அடிக்கும் கட்டையை எவ்வளவு தூரம் எறிகிறாளோ அவ்வளவு தூரம். அந்த எல்லைக்குள் ஓடி வந்தவனை யாரும் தொடக்கூடாது. தொட்டால் ராஜாவாகவே இருந்தாலும் மாட்டு மந்தையை அபராதமாகக் கொடுத்துவிட்டு மானத்தையும் தொலைக்க வேண்டும்.

அப்படி யாரும் ஓடி வந்தது கிடையாது. ஆனால் விருந்து நாட்களில் ராஜாவின் படைவீட்டுப் பையன்கள் தேன்மதுவைக் குடித்துவிட்டு, "எறிங்கக்கா, பாக்கலாம்!" என்று இரண்டு பெண்களையும் உசுப்பிவிடுவார்கள். அம்மாவின் தகடு எப்போதும் எங்கேயோ பக்கவாட்டில் பறக்கும். ஒருமுறை பாதிரியாரின் கோழிக்கூண்டுக் கதவைத் திறந்துவிட்டது. கெனெரிஸின் கட்டையோ முற்றத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் விழும்.

கெனெரிஸ் மலைமேட்டில் ஆடு மேய்ப்பவர் வீட்டில் பிறந்தவள். ஓநாயையும் காக்காயையும் மண்ணாங்கட்டியால் அடித்து வளர்ந்தவள். ராஜா ஊர் ஊராகப் போய்த் தங்கிச் சாப்பிடும் பருவத்தில், அவள் காக்காயைக் குறிவைத்து எறிந்த ஒரு மண்ணாங்கட்டி ராஜாவின் பரிவாரத்தில் வந்துகொண்டிருந்த திவ்னோக்கின் நெற்றியில் போய் உடைந்தது. திவ்னோக் குதிரையிலிருந்து விழுந்தான். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்பதுதான். அடுத்த அறுவடைக்குள் அவள் அரண்மனைக்கு வந்துவிட்டாள்.

திவ்னோக்குக்கு அரண்மனையில் என்ன வேலை என்றால், ராஜாவின் கால்களை மடியில் வைத்துக்கொள்வது. ராஜா விருந்துக்கு உட்காரும்போது இவன் நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ராஜா படுக்கப் போகும்வரை அந்தப் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். சாப்பாடு ராஜாவின் தட்டிலிருந்தே. "என் மடியிலதான் இந்த நாடே கால் நீட்டிக் கெடக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். "முதல்ல அந்தக் கையக் கழுவிட்டு வந்து ரொட்டியத் தொடு" என்பாள் கெனெரிஸ்.

எங்கள் நாடு ஒன்றும் பெரியது அல்ல. நடுக்குன்றில் நின்று தும்மினால் மூன்று ராஜாக்களுக்குக் கேட்கும். ஆனால் ராஜவம்சம் என்று வந்துவிட்டால் எங்கள் புலவர் யாழைத் தட்டி, ராஜாவின் தகப்பன், அவன் தகப்பன், அவன் தகப்பன் என்று மூச்சுவிடாமல் பின்னால் போய் ஏதோ ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்தியில்தான் நிற்பார். பக்கத்து நாட்டுப் புலவர்களும் அதே சக்கரவர்த்தியில்தான் நிற்பார்கள். அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்டதில்லை.

கிழட்டு ராஜா இத்தேல் அந்த வம்சப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் செத்துப்போனார். புலவர் விக்கலில் ஒரு பாட்டனாரை விழுங்கிவிட்டு, கொள்ளுத்தாத்தாவைப் பேரனுக்கு மகனாக்கிவிட்டார். ராஜா வாயில் விலாங்கு மீனோடு சிரித்தார். விலாங்கு தப்பான பக்கம் இறங்கிவிட்டது. திவ்னோக் கடைசிவரை காலை விடவில்லை. "சிரிச்சுக்கிட்டே போன ஒரே ராசா. பாதம்கூடக் குலுங்குச்சு" என்று பிற்பாடு சொல்லிச் சொல்லி அழுவான், பிறகு அவனும் சிரித்துவிடுவான்.

ராஜாவின் பிள்ளைகள் முன்பே போய்விட்டார்கள். இருந்தது இரண்டு பேரப்பிள்ளைகள். மூத்த மகனின் பிள்ளை கூகன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, படைவீட்டுப் பையன்கள் எல்லோரும் அவன் பக்கம். இளைய மகனின் பிள்ளை எல்கன், நாணல் மாதிரி இருப்பான், வாய் மட்டும் ஓயாது. எங்கள் நாட்டில் மூத்தவன் இளையவன் என்ற பேச்சு கிடையாது, ராஜரத்தம் உள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. அதனால் எங்கள் ராஜகுடும்பங்களில் பங்காளிகள் கட்டிப்பிடிக்கும்போது ஒருவர் இடுப்பை ஒருவர் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், கத்தி இருக்கிறதா என்று. இன்னொன்றும் உண்டு. பார்வையில்லாதவன் சிம்மாசனம் ஏற முடியாது. எத்தனையோ வம்சங்களில் இந்த ஒரு வழக்கத்தை வைத்தே வாரிசுச் சண்டையைத் தீர்த்திருக்கிறார்கள்.

கூகனுக்கு அந்த யோசனையைச் சொன்னது அவனுடைய மாமன்மார்கள். சாவு விருந்து முடிந்த மறுநாள் காலையில் கூகன் ரொம்பப் பெருந்தன்மையாக உத்தரவு போட்டான்: "உயிர் அவன்கிட்டயே இருக்கட்டும். கண்ண மட்டும் எடுத்துருங்க."

அந்த நேரத்தில் மெல்வி ஆற்றுத் துறையில் கெனெரிஸ் செத்த ராஜாவின் படுக்கைத் துணிகளைச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். மலையில் பனி உருகி ஆறு கரையைத் தொட்டு ஓடியது. பக்கத்துப் பாறையில் என் அம்மா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து காலை ஆற்றில் விட்டுக்கொண்டு கெனெரிஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் இருந்தது நான். ஆகவே இனி சொல்லப்போவதில் நானும் உடன் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்கன் ஒற்றைச் செருப்போடும் சட்டையோடும் சரிவில் உருண்டு வந்தான்.

"அக்கா! கெனெரிஸக்கா! என்னக் காப்பாத்து!"

"துணிய மிதிக்காத! இப்பத்தான் அலசுனேன்!"

"கண்ணப் புடுங்க வர்றாங்கக்கா!"

"யாரு?"

"கூகன்!"

"அந்தத் தடியனா? சின்ன வயசுல ஒன்னத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுச் சுத்துவானே." கெனெரிஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சொட்டச் சொட்ட இருந்த போர்வையை எடுத்து எல்கன் தலையில் போட்டாள். "இப்ப நீ என் துணி. பேசாம இரு."

"பேசாம இருக்கச் சொன்னா அது இவனுக்குக் கண்ணு போறதவிடக் கஷ்டம்டி" என்றாள் அம்மா.

கூகனும் பையன்களும் வந்து நின்றார்கள். பின்னாலேயே அரண்மனை பாதி வந்துவிட்டது. கெனெரிஸ் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"இவன் என் அடைக்கலம் ராசா."

கூகன் சிரித்தான். "சரிக்கா. சட்டம் சட்டந்தான். எறி. கட்ட விழுற எடத்துல நான் பாய் போட்டு உக்காந்துக்கறேன். இவன் எத்தன நாளைக்கு ஒன் துணி மூட்டைல ஒளிஞ்சிருப்பான்? அதத் தாண்டி ஒரு அடி வச்சா அந்தக் கண்ணு என்னுது."

நீதிபதி குஹெலினைக் கூப்பிட ஆள் போனது. கையில் பாதி தின்ற ஓட்ஸ் ரொட்டியோடு, குட்டிக் குதிரையில் அவர் வந்து சேர்ந்தார். ஒரே ஒரு எறிதான், எறிந்த கட்டையை யாரும் தொடக்கூடாது, அது எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார்.

"ஐயா, என் தகட்டையும் சேத்து எறியட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்மா. இங்க நெறையப் பேரு நிக்கிறாங்க."

கெனெரிஸ் பாவாடையை இழுத்துச் செருகினாள். அவள் நினைத்தது மேட்டுப்பக்கம் எறிய வேண்டும், அரண்மனை வரைக்குமாவது அடைக்கலம் கிடைக்கட்டும் என்று. ஆனால் கை முழுக்கச் சாம்பல் தண்ணீர். ஒரு சுற்றுச் சுற்றினாள், இரண்டாவது சுற்றும் சுற்றினாள். கட்டை அவள் விட நினைத்த நேரத்தில் போகாமல் தனக்குத் தோன்றிய நேரத்தில் போனது. கூட்டம் முழுக்கக் குனிந்தது. அது எல்லோர் தலைக்கும் மேலே கிர்ரென்று எழும்பி, வளைந்து, பின்பக்கமாகப் போய் ஆற்றின் நடுவே தொப்பென்று விழுந்தது.

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போர்வைக்குள்ளிருந்து, "எவ்வளவு தூரம்? எவ்வளவு தூரம்?" என்று குரல் வந்தது.

"விழுந்துருச்சு!" என்று கூகன் துள்ளினான். "அங்கதான் எல்ல! பக்கத்துலயே!"

நீதிபதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கட்டை ஒருமுறை முங்கி எழுந்து, மூக்கைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளத்தோடு சாவகாசமாகக் கிளம்பியது.

"எங்க நிக்குதோ அதான் எல்லன்னு சொன்னேன்" என்றார் அவர். "அது நிக்கலயே. போய்க்கிட்டிருக்கே."

கூட்டம் முழுக்கத் திரும்பி ஆற்றைப் பார்த்தது. பிறகு எல்கன் போர்வையைத் தூக்கி எறிந்தான். மெல்வி ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் எங்கள் நாட்டு எல்லைக்கல் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அவன் தாய்மாமனின் நாடு. கட்டை அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் அவனும் அடைக்கலத்துக்குள்ளேயே நடந்து போய் மாமன் வீட்டில் சாப்பிடலாம்.

"ஓடு கட்ட! ஓடு!" என்று கத்திக்கொண்டே அவன் கரையோரம் ஓடினான்.

"எங்கயாச்சும் முட்டி நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டு கூகன் பின்னால் ஓடினான்.

அதற்கப்புறம் நின்று பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. படைவீட்டுப் பையன்கள் ஓடினார்கள். நீதிபதியின் குட்டிக் குதிரை ஓடியது. பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். திவ்னோக், கிழட்டு ராஜா போனதிலிருந்து பிடிக்க ஒரு காலும் இல்லாமல் திக்குத் தெரியாமல் இருந்தவன், வெறும் மடியோடு ஓடினான். கெனெரிஸ் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள், மலைப்பெண் அல்லவா. அம்மா பாறையிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன விட்டுட்டுப் போனீங்க, ஒருத்தனுக்கும் ரொட்டி கெடையாது!" என்று அலற, இரண்டு பையன்கள் திரும்பி வந்து ஒரு மீன்காரனின் பரிசலில் அவளை உட்கார்த்திவைத்துத் தள்ளிவிட்டார்கள். பரிசல் சுற்றிக்கொண்டே போனது. அம்மா ஒரு சுற்றுக்கு ஒருமுறை கட்டையையும், ஒரு சுற்றுக்கு ஒருமுறை கூட்டத்தையும் பார்த்துத் திட்டிக்கொண்டே போனாள்.

வழியில் இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னப்பா, யாரு படையெடுத்து வர்றாங்க?"

"கட்ட போகுது!"

"என்ன கட்ட?"

"வந்து பாருங்க!"

காரணம் தெரியாமலே பாதி நாடு சேர்ந்து ஓடியது. பால் கறந்துகொண்டிருந்த ஒருத்தி செம்போடு ஓடி, கடைசியில் பார்த்தால் செம்பில் வெண்ணெய் திரண்டிருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பாதி வழியில் ஒரு மரம் ஆற்றுக்குள் வேர்விட்டிருந்தது. கட்டை அதில் போய்ச் செருகி நின்றுவிட்டது.

"நின்னுருச்சு!" கூகன் மூச்சிரைக்கக் கத்தினான்.

"ஒரு நிமிஷம் தயங்குறதெல்லாம் நிக்கிறதா?" என்றான் எல்கன். "நீயுந்தான் ஓடையில தண்ணி குடிக்க நின்ன. ஓட்டம் முடிஞ்சுதுன்னா சொன்னோம்?"

நீதிபதி மோவாயைச் சொறிந்தார். "பாதிரியார் பரலோக ஜெபத்த ஒரு தடவ முழுசாச் சொல்லட்டும். ஆமென் வரைக்கும் அது அசையலன்னா நின்னதா அர்த்தம்."

பாதிரியார் முந்தின நாள் சாவு விருந்தில் தேன்மதுவுக்கு நியாயம் செய்தவர். இவ்வளவு தூரம் ஓடியதில் அவரை விக்கல் பிடித்துக்கொண்டது.

"பரலோகத்தில இருக்கிற எங்க... விக்... எங்க பிதா..."

"சீக்கிரம் சொல்லுங்க சாமி!" என்றான் கூகன்.

"அவசரப்படாதீங்க சாமி, கடவுள் எங்கயும் போகல!" என்றாள் கெனெரிஸ்.

"உம்முடைய நாமம்... விக்... மன்னிச்சுக்கங்க, முதல்லேர்ந்து வர்றேன்."

"முதல்லேர்ந்தா!"

ஜெபத்தில் அன்றாட அப்பம் கேட்கும் வரிக்கு வந்தபோது அவருக்கு இன்னும் பெரிய விக்கல். கூகன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், நல்ல எண்ணத்தில்தான். பாதிரியார் குப்புற விழுந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, தீமையிலிருந்து ரட்சிக்கச் சொல்லும் கடைசி வரிக்கு அவர் வந்து சேர்ந்தபோது, மேலேயிருந்து சுற்றிக்கொண்டே வந்த பரிசல் வேரில் மோதியது. அம்மா துடுப்பால் கரையைத் தள்ளினாள், வேர் ஆடியது, கட்டை நழுவித் திரும்பவும் கிளம்பியது.

"நான் அதத் தொடவே இல்ல!" என்று அம்மா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பரிசல் அப்படியே சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"ஆமென்" என்றார் பாதிரியார், விக்கல் இல்லாமல்.

ஆறு அகலமாகி, காற்றில் உப்பு வாடை வர ஆரம்பித்தது. தூரத்தில் எல்லைக்கல் தெரிந்தது. எல்கன் சிரிக்கவும் அழவும் தெரியாமல் ஓடினான். ஆனால் கல்லுக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஆற்றை மறித்துக் கம்பு நட்டு, மிலாறு என்ற மெல்லிய குச்சிகளைப் பின்னி மீனை மடக்கும் மீன்தட்டி இருந்தது. கட்டை நேராக அதற்குள் நுழைந்தது. நின்றது. மீன்தட்டிக்காரரின் மகள் பெர்விர் முழங்காலளவு தண்ணீரில் நின்று அதைக் குனிந்து பார்த்தாள். "இது என்ன மீனு?" என்றாள்.

"தொடாத!" என்று நாடே கத்தியது.

பாதிரியார் திரும்ப ஜெபம் சொன்னார். இந்த முறை ஒரு விக்கலும் வரவில்லை. ஆமென் ஆயிற்று. கட்டை அசையவில்லை.

கூகன் மணலில் உட்கார்ந்து சிரித்தான். "முடிஞ்சுது. எல்லைக்கல் அங்க, கட்ட இங்க. நடுவுல நான் இருக்கேன். எப்பிடிடா போவ மாமன் வீட்டுக்கு?"

எல்கன் வெளுத்துப் போனான். ஆனால் வாய் மட்டும் வேலை செய்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். சட்டத்துல எறியிற தூரம்னு இருக்கா, எறிஞ்ச பக்கம்னு இருக்கா?"

குஹெலின் குதிரையிலிருந்து இறங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாகப் பரவியது. "தூரம்னுதான்ப்பா இருக்கு. துறையில நின்னு எந்தப் பக்கம் பாத்தாலும் அவ்வளவு தூரம்."

"துறையிலேர்ந்து இங்க வரைக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் வடக்க போனா?"

"மலை தாண்டி அடுத்த நாடு."

"தெக்க போனா?"

"அதுவும் அடுத்த நாடு. கெழக்கயும் அப்பிடித்தான்." நீதிபதி சுற்றிலும் பார்த்தார். "அடேங்கப்பா. இதோ இந்த மணல் திட்டு ஒண்ணத் தவிர, அர்வெலின் மொத்தமும் கெனெரிஸோட அடைக்கலம்."

சனம் எல்லாம் ஒரே ஆரவாரம். தொப்பிகள் பறந்தன. கெனெரிஸ் மணலில் மல்லாந்து விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா ஆடு மேச்ச மேடுமா?"

"அதுவுந்தாம்மா."

கூகன் எழுந்தான், முகம் சிவந்திருந்தது. "கட்டையாவது மண்ணாவது!" என்று கத்தியை உருவினான். சிரிப்பு நின்றது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்கன் பின்னால் நகர்ந்து பெர்விர் மேல் இடித்தான்.

அப்போதுதான் கரை ஒதுங்கிய பரிசலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கெனெரிஸ்! அடியேய்! வருதுடி!"

"என்னடி வருது?"

"விலாங்கா வரும்? புள்ளடி!"

கெனெரிஸ் ஒரே தாவலில் போய்ச் சேர்ந்தாள். பெர்விரும் ஓடினாள். "ஆம்பளைங்க எல்லாம் திரும்பி நில்லுங்கடா! ராசா, ஒன் போர்வையக் கொடு!" கூகன் உருவிய கத்தியோடே போர்வையை அவிழ்த்துக்கொண்டு போனான். கொடுத்தவன் திரும்பி நின்றிருக்கலாம். எட்டிப் பார்த்துவிட்டான்.

கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த உடம்பு அறுத்த மரம் மாதிரி மணலில் சாய்ந்தது.

நான் பிறந்தேன். கூகன் எழவில்லை. முதலில் ஓடியது திவ்னோக். உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், அந்த இரண்டு பெரிய கால்களையும் தூக்கி மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். கூட்டத்தில் யாரோ, "அப்போ இவருதான் ராசாவா?" என்று கேட்டார்கள். அதைக் கேட்டதும் எல்கன் யோசிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்புள்ள காலையும் இல்லாத காலையும் அதே மடியில் நீட்டினான். "திவ்னோக்கண்ணே, கொஞ்சம் எடம் விடுங்க." திவ்னோக் நாலு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் தேய்த்தான்.

கூகன் கண்ணைத் திறந்தபோது தன் காலோடு சேர்ந்து எல்கனின் கால் கிடப்பதைப் பார்த்தான். எல்கன் அவன் தலைக்குக் கீழே தன் கையை வைத்திருந்தான்.

"ரத்தமாடா அது?" என்றான் கூகன் மெல்ல.

"ஆமாண்ணே."

"எனக்கு ஆகாதுடா."

"தெரியும்ணே. பன்னி அறுக்கும்போதே ஓடிருவீங்க. அப்பறம் எப்பிடிண்ணே என் கண்ண எடுக்கச் சொன்னீங்க?"

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்னு இருந்தேன்."

எல்கன் சிரித்தான். கூகனும் அடக்க முடியாமல் சிரித்தான். நாலு காலும் குலுங்கின. அதைப் பார்த்து திவ்னோக் கிழட்டு ராஜாவை நினைத்து அழுதான். படைவீட்டுப் பையன்கள் ஒவ்வொருவராகக் கத்தியை உறையில் போட்டார்கள். அந்த மணலிலேயே பேச்சு முடிந்தது. சண்டையும் வேட்டையும் எல்லைக் காவலும் கூகனுக்கு, ரத்தம் வந்தால் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்; வழக்கும் விருந்தும் வாய்ப்பேச்சும் எல்கனுக்கு. இரண்டு பேரும் சாகும்வரை சேர்ந்து ஆண்டார்கள். தினம் சண்டை போட்டார்கள், ஆனால் தட்டுதான் பறந்ததே தவிரக் கத்தி வரவில்லை. மாமன்மார்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வேறு நாடு போனார்கள். எனக்குக் கூகன் என்று பெயர் வைத்தார்கள். கொல்லரான என் அப்பா குதிரைக்கு லாடம் அடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சேதி அவருக்குப் போனது.

ஆனால் கெனெரிஸின் தொல்லை அன்றுதான் ஆரம்பமானது. நாடு முழுக்க அடைக்கலம் என்ற சேதி பரவியதும், அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து மாடு திருடியவன், பெண்டாட்டியிடம் அடிவாங்கியவன், விருந்தில் ராஜாவின் நாயை மிதித்தவன் எல்லாம் எங்கள் எல்லைக்குள் குதித்தார்கள். ஆற்றுத் துறையில் வரிசை நின்றது. ஒருவன் கையில் வெண்ணெய், ஒருவன் கையில் பாலாடைக்கட்டி. "அக்கா, நான் உங்க அடைக்கலம்." கெனெரிஸ் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு ஈரத் துணியைக் கொடுத்துப் பிழியச் சொன்னாள். பாதிப் பேர் ஓடிப்போனார்கள். மீதிப் பேர் நன்றாகப் பிழியக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து ராஜாக்கள் தூது மேல் தூது அனுப்பினார்கள்.

அடுத்த வசந்தத்தில் நீதிபதி, ஆற்றிலிருந்து தள்ளி, நடுக்குன்றின் உச்சியில் அவளை மறுபடி எறியச் சொன்னார். மூன்று நாட்டுச் சனமும் பார்க்க வந்தது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவயாச்சும் பாத்து எறிடி, கையிநீளி!" என்றாள். கெனெரிஸ் கையை நன்றாகத் துடைத்தாள். கட்டையை நேராக மேலே எறிந்தாள். மேகத்தைத் தொடுகிற மாதிரிப் போய், நேராகக் கீழே வந்தது. அவளே அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவள் நிற்கும் இடம்தான் எல்லை என்று தீர்ப்பாயிற்று. திருடர்கள் அன்றே மூட்டை கட்டினார்கள். துணி பிழிந்து பழகிய இரண்டு பேர் மட்டும் அங்கேயே தங்கி நல்ல குடும்பஸ்தர்களாகிவிட்டார்கள்.

எல்கன் பெர்விரைக் கட்டிக்கொண்டான். அன்று இடித்துக்கொண்ட இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தவன், கல்யாணத்துக்கு அப்புறமும் நிறுத்தவில்லை. புலவர் திண்டாடிப் போனார். மீன்தட்டிக்காரர் வம்சத்தை எந்தச் சக்கரவர்த்தியில் கொண்டுபோய் நிறுத்துவது? கடைசியில் அதே ரோமாபுரிக்காரரின் தலையில்தான் கட்டினார். கல்யாண விருந்தில் அந்தப் பாட்டைக் கேட்டு கெனெரிஸ் மேசைக்கடியில் விழுந்து சிரித்தாள். இப்போது ஆளும் ராஜாவின் உடம்பில் ஓடும் ரத்தத்தில் பாதி, தாய்வழியில் மீன்தட்டிக்காரரின் விலாங்குச் சட்டியில் வளர்ந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

கெனெரிஸுக்குப் பிள்ளை இல்லை. திவ்னோக் போன பிறகு, முடி நரைத்த வயதில், அவள் பெர்விரிடம் பரிசல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மலையில் பிறந்த அவளுக்கு நீச்சல் தெரியாது, சொன்னாலும் கேட்கமாட்டாள். ஓய்வு கிடைத்தால் கழிமுகத்துக்குப் போய்விடுவாள். கரையில் நின்று அம்மா கத்துவாள், "ஏண்டி, நேரா ஓட்டத் தெரியாதா? சுத்திக்கிட்டே கெடக்கியே!"

"நேராப் போனா ஒரே பக்கந்தாண்டி தெரியும்!" என்று பதில் வரும். ஒரு சுற்றில் அவள் முகம் தெரியும், அடுத்த சுற்றில் முதுகு தெரியும். நரைத்த முடி காற்றில் பறக்கும், துடுப்பு எங்கேயோ கிடக்கும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். கழிமுகத்தில் ஏறிய கடல்நீர் இறங்கும் வரைக்கும் கெனெரிஸ் கரைக்கு வரமாட்டாள்.